பிரேக் பஞ்சு மாதிரி இருக்கு

ஏப்ரல் 10, வியாழன்

காலை ஏழு மணிக்கு ஃபியட்டின் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஆயில் கறுத்துவிட்டது. டிகாக்‌ஷன் நிறம். கடைசியாக மாற்றியது எப்போது என்று பழைய குறிப்பேட்டில் தேடினேன். நான்கு வருடம் ஏழு மாதம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். என் கவனக்குறைவு.

மே 8ஆம் தேதி ஹெப்சிபாவின் கல்யாணம். எங்கள் சபையில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் ரூபவதி டீச்சரின் பச்சை ஃபியட்டில்தான் கோயிலுக்குப் போக வேண்டும். டீச்சரேதான் ஓட்ட வேண்டும். முப்பத்தொரு வருட வழக்கம். இதுவரை இருபத்தேழு பெண்கள். அவர்கள் எல்லோருக்கும் கோத்தகிரிக்குள்ளேயே கல்யாணம் நடந்தது. ஹெப்சிபாவுக்கு மட்டும் மாப்பிள்ளையின் சபையில், மேட்டுப்பாளையத்தில். அந்த டீச்சர், என் மனைவி ரூபா, மலையிறங்கி ஓட்ட வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் சக்கரத்துக்குள் சூடு ஏறி, ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் சுருங்கிவிடும். பெடல் தரைவரை இறங்கும். வண்டி நிற்காது. முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்திய எனக்கு இது தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் நான்கு வருடம் ஏழு மாதம்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இரண்டு முறை கற்றுக்கொள்ளப் போய், இரண்டு முறையும் பயந்து விட்டுவிட்டேன். ஓட்டுவது ரூபா, பராமரிப்பது நான்.

ஏப்ரல் 12, சனி

குன்னூரில் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான்கு புட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தார்.

"டாட் மூணு, நாலு, அஞ்சு, அஞ்சு புள்ளி ஒண்ணு. எது வேணும் சார்?"

"அறுபத்திரண்டாம் வருஷத்து ஃபியட்டுக்கு எதுங்க சரி?"

"பெரிய நம்பரா எடுத்துக்குங்க. பெருசுன்னா நல்லதுதானே?"

அப்படி இல்லை. டாட் 5 சிலிகான் வகை. ஈரத்தை உறிஞ்சாது, பெயின்ட்டை அரிக்காது. ஆனால் உள்ளே தங்கியிருக்கும் பழைய ஆயிலோடு சேராது, பொடிக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெடல் மெத்தென்று ஆகிவிடும். மற்ற மூன்றும் ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் வகை. புதிய டாட் 3 இருநூற்றைந்து டிகிரியில் கொதிக்கும், ஈரம் சேர்ந்தால் நூற்று நாற்பதில். டாட் 4 இருநூற்று முப்பது, நூற்று ஐம்பத்தைந்து. பழைய ரப்பருக்கு டாட் 3 பழக்கப்பட்டது. மலை இறக்கத்துக்கு டாட் 4 பாதுகாப்பானது. கடையில் நாற்பது நிமிடம் நின்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் டாட் 3 வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் ஏறியதும் அது சரியா என்ற சந்தேகம்.

"ஏன் புரொபசரே, ஆயில் வாங்கப் போனீங்களா, பரீட்சை எழுதப் போனீங்களா?" என்றாள் ரூபா.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்தோம். ரூபாவின் வலது காலில் செருப்பு இல்லை. வழியில் எங்கோ கழன்றிருக்கிறது. திரும்பிப் போய்த் தேடினேன். தபால் நிலையத்துக்கு எதிரே கிடந்தது. அங்கிருந்து வீடு கிட்டத்தட்ட முந்நூறு அடி. வார் தளர்ந்திருக்கிறது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 16, புதன்

மெக்கானிக் ஷம்சுதீன் வந்தார். எங்கள் வண்டியில் இருபது வருடமாகக் கை வைப்பவர் அவர் ஒருவர்தான். பழைய ஆயிலை முழுக்க இறக்கினோம். ஒவ்வொரு சக்கரமாக, பிரேக் குழாயில் தங்கிய காற்றை எடுத்தோம். அவர் சக்கரத்தின் கீழே, நான் ஓட்டுநர் இருக்கையில்.

"மிதிங்க சார். பிடிங்க... விட்டுறாதீங்க. ம், இப்ப விடுங்க."

சக்கரத்துக்குப் பன்னிரண்டு முறை. கண்ணாடிக் குழாயில் குமிழி நின்ற பிறகும் மூன்று முறை கூடுதலாக எடுக்கச் சொன்னேன். "சார், தண்ணி ஊத்தி வாய் கொப்புளிக்கற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். கடைசியில் பெடலை மிதித்துப் பார்த்தேன். பாதி தூரம்கூட இறங்கவில்லை. கல் மாதிரி நின்றது.

ஏப்ரல் 17, வியாழன்

ரூபா கடைவீதி வரை ஓட்டிவிட்டு வந்தாள். சாவியை மேசையில் போட்டாள்.

"என்னத்த பண்ணி வச்சிருக்கீங்க? பிரேக் பஞ்சு மாதிரி இருக்கு. மிதிச்சா மிதிச்ச மாதிரியே தெரியல."

உள்ளே காற்று தங்கியிருக்க வேண்டும். நேற்று நான் பெடலை விட்ட வேகம் சரியில்லாமல் இருந்திருக்கலாம். பிழை என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 19, சனி

மறுபடியும் காற்று எடுத்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. ஷம்சுதீன் தானே ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். "கல்லு சார். இதுக்கு மேல என்ன வேணும்?" ரூபா ஏறி மிதித்தாள். "பஞ்சுதான்" என்றாள். ஷம்சுதீன் என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 20, உயிர்த்தெழுந்த ஞாயிறு

வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ரூபா பகலில் சற்றுத் தூங்கினாள். பை சூடு அதிகம் போல. வலது பாதத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கொப்புளம். நான்தான் முதலில் பார்த்தேன். சொன்னதும் குனிந்து பார்த்துவிட்டு, "அட, ஆமா" என்றாள். மருந்து போட்டேன். பைக்கு இனி துணி உறை தைக்க வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

இரவெல்லாம் யோசித்து, தவறு டாட் 3 தேர்ந்தெடுத்ததில்தான் என்ற முடிவுக்கு வந்தேன். இன்று மொத்தத்தையும் இறக்கிவிட்டு டாட் 4 ஊற்றினோம். பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர்களும் புதிது. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஷூ சரிசெய்தாயிற்று.

வேலை முடிந்து கை கழுவும்போது ஷம்சுதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. டீச்சரம்மாவுக்குச் சக்கரை எத்தினி வருசமா இருக்கு?"

"அதுக்கும் பிரேக்குக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"இல்ல சார். எங்க மாமாவும் லாரி ஓட்டினவருதான். அதான் கேட்டேன்."

மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் ஷம்சுதீன் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார்.

பதினெட்டு வருடம்.

ஏப்ரல் 26, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை ஒன்பதே காலுக்குச் சோதனை ஓட்டம். ரூபா ஓட்டினாள், நான் பக்கத்தில். தேயிலைத் தோட்டத்து இறக்கத்தில் இரண்டாவது வளைவு திரும்பியதும் சாலை நடுவே காட்டெருமை நின்றது. பெரிய ஆண். இருபது அடி தூரம் இருக்கும். ரூபா மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. நின்றபோது எருமைக்கும் பானெட்டுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அது எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கிப் போனது.

"பாத்தீங்களா? பிடிக்கல. நான் முழுசா மிதிச்சேன், பிடிக்கவே இல்ல."

"ஆமா."

"உங்க ஆராய்ச்சியெல்லாம் போதும். ஒழுங்கா ஒரு ஆயில் ஊத்தத் தெரியல."

"ஆமா ரூபா."

ஒரு விஷயம் மட்டும். வண்டி நிற்காமல் போன அந்த இரண்டு நொடியும் என்ஜின் உறுமியது. பிரேக்கை மட்டும் மிதித்தால் என்ஜின் உறுமாது. என் காதுக்குள் ரத்தம் அடித்த சத்தமாக இருந்திருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் நான் கேட்பதை நம்ப முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டில் தனியாக உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தேன். ஐம்பது முறை எண்ணினேன். ஐம்பது முறையும் கல்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுத எதுவும் இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எடுத்த பழைய ரப்பர் வாஷர்களில் ஒன்றை ஜாம் பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை என்ஜின் ஆயில் ஊற்றி வைத்தேன். இன்னொன்றை டாட் 4இல் ஊறவைத்தேன், ஒப்பிடுவதற்காக. என்ஜின் ஆயில் போன்ற கனிம எண்ணெயில் இந்த வகை ரப்பர் என்ன ஆகும் என்று பார்க்க. வெறும் ஆர்வம்தான்.

செருப்பு தைத்து வந்துவிட்டது. வாரில் குறையே இல்லை என்று தைப்பவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மே 2, வெள்ளி

டாட் 4இல் இருந்த வாஷரில் மாற்றம் இல்லை. என்ஜின் ஆயிலில் இருந்தது ஊதிவிட்டது. இருபத்திரண்டு மில்லிமீட்டர் இருந்தது இருபத்தாறரை ஆகியிருக்கிறது. தொட்டால் அல்வா மாதிரி குழைகிறது.

மே 3, சனி

ஹெப்சிபா வந்திருந்தாள். பூங்கொத்தை எந்தப் பக்கம் வைப்பது, கவுன் கசங்காமல் எப்படி ஏறுவது என்று ரூபாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பில் ரூபாவிடம் படித்தவள்.

"அம்மா டாக்ஸி சொல்லிக்கலாம்னாங்க டீச்சர், மலை ரோடாச்சேன்னு. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். எங்கக்காவ நீங்க கூட்டிட்டுப் போனீங்க. என்னையும் நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

"நான் இல்லாம எவன் ஓட்டுவான்? உன்ன மேட்டுப்பாளையத்துல இறக்கி விட்டுட்டுத்தான் மறுவேலை" என்றாள் ரூபா. ஹெப்சிபா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நான் டீ கொண்டுவந்தேன். "அங்கிள், டீ சாஸர்ல கொட்டுது பாருங்க" என்றாள் அந்தப் பெண். குளிர் என்றேன். மே மாதம்.

மே 5, திங்கள்

ரூபா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரம். என்ஜின் ஆயில் புட்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தேன்.

ஐம்பது மில்லி போதும். ஐந்தாறு முறை மிதித்தால் உள்ளே போய்விடும். வாஷர்கள் ஊதும். ஆயில் திரும்பி வரும் வழி அடைபடும். சக்கரம் இறுகும். புதன்கிழமைக்குள் வண்டி ஷெட்டை விட்டு நகராது. ஹெப்சிபா டாக்ஸியில் போவாள். புரொபசர் தப்பான ஆயில் ஊற்றி வண்டியைக் கெடுத்துவிட்டார் என்று சபை முழுக்கச் சொல்வார்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ரூபாவும் நம்புவாள். அவளுக்கு என்மேல் கோபம் வரும், தன்மேல் வராது. ஒரு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த சரியான ஆயில் இதுதான் என்றுகூடத் தோன்றியது.

புட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி பதினைந்து நிமிடம் நின்றிருப்பேன்.

ஊற்றவில்லை. புதன்கிழமைக்குள் இறுகாமல் போனால்? வியாழக்கிழமை பாதி மலையில் இறுகினால்? ஒரு சக்கரம் மட்டும் முந்திக்கொண்டால்? ஒரு வாஷரை வைத்து மூன்று நாள் செய்த சோதனையை நம்பி இரண்டு பெண்களை மலையிறக்க முடியாது. மூடியைப் போட்டேன். புட்டியை அலமாரியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதை இங்கேயாவது எழுதிவிட வேண்டும். வண்டியில் பழுது இல்லை. டாட் 3 ஊற்றியபோதும் இல்லை, டாட் 4 ஊற்றியபோதும் இல்லை. பதினெட்டு வருடச் சர்க்கரை. ரூபாவின் வலது காலுக்கு உணர்ச்சி இல்லை. எருமையைக் கண்டு அவள் மிதித்தபோது பாதி கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. எனக்கு அது அன்றே தெரியும். அதற்கு முன்பே தெரியும் என்றுகூடச் சொல்லலாம். அவளிடம் குறை இருக்கும் என்று நினைப்பதைவிட என்னிடம் குறை தேடுவது எனக்கு எப்போதும் சுலபம்.

மே 6, செவ்வாய்

காலை ஆகாரம் முடிந்ததும் சொன்னேன். நேற்றே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்க்காமலே சொன்னேன்.

"ரூபா, வண்டிக்கு ஒண்ணுமில்ல."

"அப்பச் சரி. வியாழக்கிழமை அஞ்சரைக்குக் கிளம்பணும். அலாரம் வைங்க."

"வண்டிக்கு ஒண்ணும் இல்லைனு சொல்றேன். உன் காலு."

"என் காலுக்கு என்ன?"

"பெடல் பஞ்சு மாதிரி இருக்கறது உனக்கு மட்டும்தான்."

தட்டைக் கீழே வைத்தாள். "நாப்பத்தாறு வருஷமா பக்கத்து சீட்ல கண்ண இறுக்க மூடிக்கிட்டு வந்த ஆளு நீங்க. நீங்களா எனக்கு பிரேக் மிதிக்கச் சொல்லித் தர்றீங்க?"

உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டுதான் வருவேன். எப்போதும் போல எழுந்து போய்விடலாம் என்று கால் பரபரத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "தேதி இருக்கு" என்று இந்த நாட்குறிப்பைத் திறந்து படித்தேன். பதின்மூன்றாம் தேதி, செருப்பு, முந்நூறு அடி. இருபதாம் தேதி, கொப்புளம். இருபத்தாறாம் தேதி, என்ஜின் சத்தம். ஐந்தாம் தேதிப் பக்கத்தையும் படித்தேன், புட்டியைப் பற்றி எழுதியதையும் சேர்த்து. நிறுத்தாமல் படித்தேன்.

அவள் முக்காலியை இழுத்து வலது காலைத் தூக்கி வைத்தாள். புடவைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சோதனைதானே? பண்ணுங்க. தொட்ட உடனே சொல்றேன்."

பேனா மூடியால் கட்டைவிரலின் அடியில் அழுத்தினேன். சதை வெளுத்துக் குழிந்தது.

"ம், ஆரம்பிங்க" என்றாள்.

இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

"ஆரம்பிங்கன்னு சொல்றேன்ல? ஒரு சின்ன வேலைக்கு எவ்வளவு நேரம்?"

"அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன் ரூபா."

தலைப்பு அசையவில்லை. "ஒரு ரீடிங் பத்துமா?" என்றாள். "பசங்கள மூணு எடுக்கச் சொல்வீங்கள்ல?"

இரண்டாவது முறை பாதத்தின் நடுவில். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறைக்குப் பேனாவை எடுத்தேன். இன்னும் தொடவில்லை.

"இப்ப" என்றாள். "இப்ப அழுத்துறீங்க. சுண்டுவிரல் பக்கம். சரிதானே?"

வாழ்க்கையில் எதற்கும் இவ்வளவு பயந்ததில்லை. ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்பத்தாறு வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"இல்ல ரூபா" என்றேன்.

தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையால் காலைத் தூக்கிக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுகளை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு நான் திரும்பி வந்தபோதும் அப்படியேதான் இருந்தாள்.

"ஷம்சுதீனுக்குப் போன் போடுங்க" என்றாள் பிறகு. "வியாழக்கிழமை கிரீஸ் இல்லாத சட்டையா போட்டுட்டு வரச் சொல்லுங்க. ஹெப்சிபாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க சொன்னா அழுது கூட்டத்தக் கூட்டிருவீங்க."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

மே 7, புதன்

ஆயில் அளவு சரி. கசிவு இல்லை. ரூபா வண்டிக்கு வெள்ளை ரிப்பன் கட்டினாள். உதவிக்குப் போனேன். வேண்டாம் என்றுவிட்டாள். இன்று என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

மே 8, வியாழன்

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். ஷம்சுதீன் வெள்ளைச் சட்டை, வாசனைத் தைலம். "டீச்சரம்மா, தப்பு பண்ணா திட்டிருங்க" என்றார். "திட்டத்தான் முன்னாடி உக்காந்திருக்கேன்" என்றாள் ரூபா. அவருக்கு இடப்பக்கத்தில் அவள். பின்னால் அவளுக்கு நேர் பின்னே ஹெப்சிபா, ஷம்சுதீனுக்குப் பின்னே நான், என் மடி முழுக்க அவளுடைய வெள்ளைக் கவுன்.

குஞ்சப்பனை தாண்டியதும் பனி விலகிப் பள்ளம் தெரிந்தது. வழக்கமாக அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் இன்று கண்ணை மூடவில்லை. எதற்காக என்று தெரியவில்லை, யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் அதைப் பார்த்தேன்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் ரூபாவின் வலது முழங்கால் எழுந்து இறங்கியது. முன்னால் பெடல் இல்லை, தரையில் விரித்த வெறும் மிதியடி. அதை அவள் கால் அழுத்தியது. அவள் அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் ஷம்சுதீன் பிரேக்கைத் தொட்டார். எல்லா வளைவிலும் அப்படியே. ஒன்றில்கூட அவள் பிந்தவில்லை. வளைவின் நடுவில் விட்டு, முடிவில் மறுபடி லேசாக அழுத்தினாள். இருபத்தேழு பெண்களும் கவுன் கசங்காமல் போய்ச் சேர்ந்தது எப்படி என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிரேக் நன்றாகப் பிடித்தது. ஆயில் கொதிக்கவில்லை.

ஏழே காலுக்கு மேட்டுப்பாளையத்தில் கோயில் வாசலில் வண்டி நின்றது. ஹெப்சிபாவின் அப்பா ஓடி வந்து கதவைத் திறந்தார். அவள் இறங்கும் முன் முன்னால் குனிந்து ரூபாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். பிறகு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். ஷம்சுதீன் என்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் இறங்கி வந்து ரூபாவின் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வலது கால் மிதியடியை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. தொடை இறுகியிருந்தது.

"நின்னுடுச்சு ரூபா" என்றேன்.

குனிந்து காலைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.